கரையில் நின்று கணவாய் பிடிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இறால் வடிவில் செய்து, துணி சுற்றி, வாலில் ஊசிகள் வைத்த தூண்டிலைக் கரையிலிருந்து எறிந்தும் கணவாய் பிடிக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருவோர் அத்தூண்டிலை ஜிக் என்கிறார்கள். இங்கும் அந்தப் பெயரே நிலைத்துவருவதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன். அந்த ஒரு பத்திக்கு வன்னியின் இரு கரைகளிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா மூன்று ஜிக் கொண்டுவந்து தந்தார். முல்லைத்தீவுக் கரையில் நான்கு மாலைகள் எறிந்து, விடாமல் சுருட்டினேன். ஒரு கணவாயும் அகப்படவில்லை. இதே கரையில் பாரை மீன் பிடித்துப் பழகிய எனக்கு இது மட்டும் ஏன் வரவில்லை?
*முள்ளியவளை வாசகர்*

பதில்: தம்பி, பாரைக்கு எறிந்த கைப்பழக்கத்தோடு நீங்கள் கணவாய்க்கும் எறிந்திருக்கிறீர்கள்; வெறுங்கையோடு திரும்பியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பாரை, ஓடுவதைத் துரத்திக் கௌவும். கணவாய், துள்ளி ஓடும் இறாலைத் தூரத்திலிருந்து கண்டு நெருங்கி வந்தாலும், அந்த இறால் களைத்து மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் தன் இரண்டு நீண்ட கைகளையும் நீட்டிப் பற்றும். நீங்கள் விடாமல் சுருட்டியபோது உங்கள் ஜிக் ஒரு கணமும் இறங்கவில்லை.

மாமா தந்த ஜிக்கை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வயிற்றின் முன்பக்கத்தில் துளையிட்ட ஈயத் தகடு ஒன்று இருக்கும். நீரில் தலை கீழாகவும் வால் சற்று மேலாகவும் சாய்ந்து இறங்குவதற்காகவே அந்த ஈயம் முன்னுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பக்கங்களில் இருக்கும் சிறு இறகுகள் இறங்கும்போது அது உருளாமல் காக்கின்றன. வாலில் மேல்நோக்கி வளைந்த ஊசிகள் இரண்டு அடுக்காகக் குடைபோல் விரிந்திருக்கும்; அவற்றில் மீன் தூண்டிலில் உள்ளதுபோல் எதிர்முள் கிடையாது. உடலைச் சுற்றியுள்ள துணியைக் கணவாய் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெறும் பிளாஸ்ரிக்காக இருந்தால் வழுக்கென்று உணர்ந்து சீக்கிரம் விட்டுவிடும். ஈயம், இறகு, துணி ஆகிய எல்லாமே அந்த இறங்கும் நேரத்துக்காகச் செய்யப்பட்டவை.

ஆகவே எறிந்தவுடன் சுருட்டாதீர்கள். ஜிக் நீரில் விழுந்ததும் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, தளர விட்டு எண்ணத் தொடங்குங்கள். சாதாரண ஜிக் ஒரு மீற்றர் இறங்க ஏறத்தாழ 3 முதல் 3.5 நொடிகள் எடுக்கும். 3 மீற்றர் ஆழத்தில் பத்து எண்ணும்போது அது அடியைத் தொடும். தொட்டதும் தங்கூசி தொய்யும். இப்போது தடியை இரண்டு அல்லது மூன்று முறை வெட்டி மேலே இழுத்து, இடையிடையே தொய்வை மட்டும் சுருட்டிக்கொள்ளுங்கள். பிறகு தடியைத் தாழ்த்தி, தங்கூசியை அரை இறுக்கத்தில் வைத்து, மறுபடியும் இறங்க விடுங்கள். கண் தங்கூசியிலேயே இருக்க வேண்டும். பத்து எண்ண வேண்டிய இடத்தில் ஆறிலேயே அது தொய்ந்து நின்றால், அல்லது தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தால், கணவாய் ஜிக்கைப் பற்றிவிட்டது. மீன் கடிப்பதுபோல் வெட்டு விழும் என்று காத்திருந்தால் அது வந்து போனதே தெரியாது. பெரும்பாலும் அடுத்த இழுவையில் நனைந்த சாக்கு மாட்டியதுபோல் ஒரு கனம்தான் கைக்குத் தெரியும்.

ஜிக் காலடி வரை வந்த பின்னும் அவசரப்பட்டு நீரிலிருந்து தூக்காதீர்கள். பின்னாலேயே வந்த கணவாய் ஓரடி ஆழத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பது உண்டு. அங்கேயே இறங்க விடுங்கள். பல நாட்களில் எனக்கு முதற்கணவாய் அப்படித்தான் கிடைத்திருக்கிறது.

கேள்வி: மாட்டிய கணவாய் பாதி வழியில் கழன்றுவிடுகிறது. ஒருமுறை ஒரு நீண்ட கை மட்டும் ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது.
*அளம்பில் வாசகர்*

பதில்: கணவாய்க்கு எட்டுக் குட்டைக் கைகளும் இரண்டு நீண்ட கைகளும் உண்டு. முதலில் வருவது நீண்ட கைகளே. அவற்றின் நுனி மட்டும் ஊசியில் மாட்டியிருக்கும்போது நீங்கள் வலிந்து இழுத்தால் அது அறுந்துவிடும். ஊசிகளில் எதிர்முள் இல்லாததால் தங்கூசி ஒரு கணம் தொய்ந்தாலும் கழன்றுவிடும். எனவே வெட்டி இழுக்க வேண்டாம். தடியைத் தூக்கி வளைவில் வைத்துக்கொண்டு ஒரே சீராகச் சுருட்டுங்கள். அது பின்நோக்கி நீரைப் பீய்ச்சி ஓடும்போது றீல் தானாகத் தங்கூசியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அதன் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். கரைக்கு வந்ததும் தங்கூசியைப் பிடித்துத் தூக்காமல் கைவலையால் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஏந்துங்கள். அது பின்னோக்கிப் பாய்ந்தால் வலைக்குள்ளேயே பாயும்.

கேள்வி: என் கணவர் தொழிலுக்குப் போய்வரும் இறங்குதுறையில் மாலை நேரத்தில் கணவாய் நீந்துவதைக் கண்ணால் காண்கிறேன். தடியும் றீலும் வாங்க வசதியில்லை. கையால் தங்கூசி எறிந்து பிடிக்க முடியுமா? ஜிக்கை வீட்டிலேயே செய்யலாமா?
*வலைப்பாடு வாசகி*

பதில்: இரண்டும் முடியும், அம்மா. சொல்லப்போனால் ஜிக் என்பதே வீட்டில் செய்த பொருளாகத்தான் தொடங்கியது. யப்பானியர் இதை எகி என்பார்கள். அச்சொல்லுக்கு இரை மரம் என்று பொருள். அந்நாட்டின் தென்கோடிக் கடற்கரையில் பல தலைமுறைகளுக்கு முன்பே மீனவர்கள் மரத்துண்டைச் செதுக்கி, நெருப்பில் வாட்டி இதைச் செய்தார்கள். இரவில் படகிலிருந்து தவறி விழுந்த தீப்பந்தத் துண்டைக் கணவாய் கட்டிப்பிடித்ததைக் கண்ட ஒருவர்தான் இதை முதலில் செய்தார் என்று அங்கே ஒரு கதையும் சொல்கிறார்கள்.

நீங்கள் செய்வதானால் முள்முருக்குப் போன்ற இலேசான, நன்றாக உலர்ந்த மரத்தில் 8 அல்லது 9 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டை எடுத்து, உங்கள் பெருவிரலை விடச் சற்று மெல்லியதாக, முன்பக்கம் கூர்ந்தும் முதுகு சிறிது வளைந்தும் இருக்கும்படி சீவிக்கொள்ளுங்கள். கைவேலை அழகாக இருக்க வேண்டியதில்லை. பழைய சேலையின் பளபளப்பான துண்டை ஒட்டி, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள். சரிகைக் கரை இருந்தால் அது வயிற்றுப்பக்கம் வரட்டும். ஊசிக் குடைக்குக் கறைபிடியாத மெல்லிய கம்பியே சிறந்தது. தையல் ஊசியை வளைப்பதானால் முதலில் தீயில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் வளைக்கும்போது முறிந்து கண்ணில் தெறிக்கும். எட்டுப் பத்து ஊசிகளை வாலைச் சுற்றி வட்டமாக வைத்து, நுனிகள் தலைப்பக்கம் பார்த்து வளைந்திருக்கும்படி நூலால் கட்டிப் பசை பூசுங்கள்.

இனி முக்கியமான வேலை. ஒரு வாளியில் கடல்நீரை நிரப்புங்கள். நன்னீரில் பார்த்தால் கணக்குப் பிழைக்கும், ஏனெனில் உப்புநீரில் மரம் கூடுதலாக மிதக்கும். பழைய வலை ஈயத்தைத் தட்டையாக அடித்து, ஜிக்கின் கழுத்துக்குக் கீழே தற்காலிகமாக நூலால் கட்டி நீரில் விடுங்கள். தலை கீழாகச் சாய்ந்து, முதுகு மேலேயே இருந்து, அவசரமில்லாமல் இறங்க வேண்டும். கல்லுப்போல் விழுந்தால் ஈயம் அதிகம், வெட்டிக் குறையுங்கள். வால் முதலில் இறங்கினால் ஈயத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் ஈயம் நடுவில் இல்லை. ஈயத்தை ஒரு நெல்லளவு நகர்த்தினாலே இறங்கும் விதம் மாறிவிடுவதை வாளிக்குள்ளேயே காண்பீர்கள். சரியாக இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மரத்தில் சிறு பள்ளம் தோண்டி ஈயத்தை நிலையாகப் பதித்து ஒட்டுங்கள். நான் செய்த முதல் மூன்றும் வாலால் இறங்கின. நான்காவதுதான் கணவாய் பிடித்தது.

கையால் எறிவதற்கு 0.40 மில்லிமீற்றர்த் தங்கூசியை ஒரு வெற்றுப் போத்தலில் சுற்றி வையுங்கள். போத்தலின் வாயை எறியும் திசைக்குக் காட்டினால் தங்கூசி சிக்கலில்லாமல் வளையம் வளையமாக வெளியேறும். கடைசி ஒன்றரை மீற்றருக்கு அதைவிட மெல்லிய, நிறமற்ற தங்கூசியை முடிந்துகொள்ளுங்கள். தடி இல்லாவிட்டாலும் கையை நெஞ்சுயரத்துக்கு இரண்டு முறை சுண்டித் தூக்கி, பின் இறங்க விட்டால் போதும். விரலில் தங்கூசி ஓடுவதால், கணவாய் பற்றியதைத் தடி பிடித்தவரை விட நீங்கள் முன்னதாகவே உணர்வீர்கள். இறங்குதுறையின் தூண்களை ஒட்டி, நிழல் விழும் பக்கத்தில் பாருங்கள். படகுகள் கட்டும் கயிறுகளில் மட்டும் மாட்டாமல் எறிய வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் கடல் மிகவும் ஆழமற்றது, முழுவதும் கடற்புல். ஒவ்வொரு எறிக்கும் சாதாளைதான் வருகிறது. 3.5 எண் ஜிக்கையே எறிகிறேன்; இரண்டைக் கடலடிப் பாறையான பாரில் இழந்துவிட்டேன்.
*நாச்சிக்குடா வாசகர்*

பதில்: உங்கள் கடல் பாக்கு விரிகுடா, பெரும்பகுதியில் அதன் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றரைத் தாண்டாது, கரையோரத்தில் இடுப்பளவுகூட இராது. அதுவே உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். கரையிலிருந்து ஜிக்கில் கிடைப்பதில் மிகச் சிறந்ததான, உடலின் இரு பக்கமும் அகன்ற செட்டை ஓடும் கணவாய், கடற்புல்லையும் கடலடிப் பார்களையும் நம்பியே வாழ்கிறது. புல்லை விட்டு வெறுமணலுக்குப் போனால் ஜிக் மாட்டாது, கணவாயும் கிடைக்காது.

மாற்ற வேண்டியது ஜிக்கின் அளவு. ஜிக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ அதன் நீளம் சென்ரிமீற்றரில் கிடைக்கும்: 3.5 என்றால் பத்தரை சென்ரிமீற்றர், சுமார் 20 கிராம், 2.5 என்றால் ஏழரை சென்ரிமீற்றர், சுமார் 10 கிராம். நீங்கள் 3.5 எறிவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை மீற்றர் நீரில் அது ஐந்து எண்ணுவதற்குள் புல்லுக்குள் புதைந்துவிடும். 2 அல்லது 2.5 எடுங்கள், ஆழமற்ற நீருக்கென்று மெதுவாக இறங்கும் ஜிக் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஒரு மீற்றர் இறங்க ஆறேழு நொடிகள் எடுக்கும். கிடைக்காவிட்டால் இருப்பதன் ஈயத்தில் சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். முதல் எறியில் அடி தொடும் வரை எண்ணி, அடுத்த எறியிலிருந்து அதற்கு இரண்டு எண் முன்பாகவே தூக்கிவிடுங்கள். புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஜிக் இறங்கினால் போதும். புல்லுக்குள் பதுங்கியிருக்கும் கணவாய் மேலே வந்து எடுக்கும்.

பாரில் மாட்டினால் இழுத்து முறிக்காதீர்கள். தங்கூசியைத் தளர்த்திவிட்டு, நின்ற இடத்தை மாற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லச் சுண்டுங்கள். பல வேளைகளில் கழன்று வரும்.

கேள்வி: வவுனியாவிலிருந்து மாதம் ஒருமுறைதான் கடலுக்கு வர முடிகிறது. எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போக வேண்டும்?
*வவுனியா வாசகர்*

பதில்: மாதத்தைப் பார்ப்பதை விடக் காற்றைப் பாருங்கள், ஐயா. கண்ணால் வேட்டையாடும் உயிர் கணவாய். நீர் கலங்கினால் அதற்கு ஜிக் தெரியாது. எந்தக் காற்று எந்தக் கரையைக் கலக்கும் என்று தெரிந்தால் போதும்.

மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சானும் சோளகமும் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில், பூநகரியிலிருந்து சிலாவத்துறை வரையான மேற்குக் கரை அலையடித்துக் கலங்கியிருக்கும். அதே காற்று முல்லைத்தீவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நாட்களில் கள்ளப்பாட்டிலும் செம்மலையிலும் காலைக் கடல் கண்ணாடிபோல் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதுகுக்காற்று ஜிக்கைத் தூரமாகக் கொண்டுசெல்லும் என்பதும் ஒரு நன்மை. அப்பருவத்தில் மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்குப் போங்கள். ஆனால் அங்கே மணற்கரையே நீண்டு கிடப்பதால், கல்லோ பாரோ கடற்புல்லோ உள்ள இடத்தைத் தேடி நடக்க வேண்டும். உடையும் அலைக்குள் எறிந்து பயனில்லை.

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தொடங்கிய பிறகு முல்லைத்தீவுக் கரைக்குக் கணவாய்க்காகப் போக வேண்டாம். அப்போது பறயனாலங்குளம் வழியாக மன்னார்ப் பக்கம் போய், வளைகுடாவைப் பார்த்த அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் எறிந்து பாருங்கள். வாடை அங்கே தரையைத் தாண்டி வருவதால் நீர் அமைதியாக இருக்கும். இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் இரண்டு கரைகளுமே நல்லவை. விடத்தல்தீவுப் பகுதி 2016 முதல் இயற்கை ஒதுக்கிடமாக இருப்பதால் அங்கே விசாரிக்காமல் தூண்டில் போடாதீர்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணவாய் உப்புக் குறைந்த நீரைத் தாங்காது. நந்திக்கடல் களப்பு நிரம்பி வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டப்பட்ட ஒரு வருடம், களப்பிலிருந்து இறாலும் சிறுமீனும் கடலுக்குப் பாயும், அவற்றைத் தின்னக் கணவாய் வரும் என்று கணக்குப் போட்டு மூன்று இரவுகள் அங்கே நின்றேன். இறால் பாய்ந்தது உண்மைதான். தேயிலைச் சாயம்போல் நன்னீரும் கூடவே பாய்ந்தது. ஒரு கணவாயின் நிழலைக்கூட நான் காணவில்லை. நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களுக்கும் இது பொருந்தும். மழைவெள்ளம் இறங்கி, கடல் தன் நிறத்துக்குத் திரும்பும் வரை முகத்துவாரங்களை விட்டு விலகியே நில்லுங்கள்.

நேரம் என்று கேட்டால், பொழுது படும் வேளையும் விடியலுக்கு முந்திய வேளையுமே. நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்றாலும், நீர் அசைந்துகொண்டிருக்கும்போது எறிவது தேங்கி நிற்கும்போது எறிவதை விட மேலானது.

கேள்வி: கடைகளில் இருபது நிறங்களில் ஜிக் தொங்குகிறது. கணவாய்க்கு நிறம் தெரியுமா?
*கிளிநொச்சி ஆசிரியர்*

பதில்: தெரியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கணவாயின் கண் மிகக் கூர்மையானது. நம் கண்ணில் உள்ள குருட்டுப்புள்ளிகூட அதற்கு இல்லை. ஆனால் ஒளியை உணரும் நிறமி அதன் கண்ணில் பெரும்பாலும் ஒரே வகைதான் இருக்கிறது. ஒரு வகையை மட்டும் கொண்டு சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. தன் தோலில் நொடிக்கொரு நிறம் காட்டும் உயிருக்குத் தன் நிறமே தெரியாது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அது காண்பது வெளிச்சம், இருட்டு, அவற்றுக்கிடையிலான வேறுபாடு, மேலும் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியின் அதிர்வுத் திசை ஆகியவற்றை.

எனவே மாணவர்களுக்குச் சொல்வதானால், நிறத்தைத் தெரிவுசெய்யாதீர்கள், நீரில் ஜிக் எவ்வளவு கறுப்பாக அல்லது எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள் என்று சொல்லலாம். தெளிந்த நீரில் பகலில் மங்கலான, இயற்கையான நிறம் போதும். பொழுதுபட்ட பின் துணிக்கு அடியில் சிவப்புத் தாள் சுற்றிய ஜிக் நீரில் கறுத்த உருவமாகத் தெளிவாக நிற்கும். செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் எறிபவரின் கண்ணுக்கு உதவுகின்றன. ஜிக் எங்கே வருகிறது என்று மங்கிய ஒளியிலும் நாம் பார்க்கலாம். இரண்டு ஜிக் வாங்கப் பணம் இருந்தால், ஒரே அளவில் இரண்டு நிறம் வாங்குவதை விட ஒரே நிறத்தில் இரண்டு அளவு வாங்குங்கள்.

கேள்வி: நிலவு நாளில் போவதா, இருட்டில் போவதா? இறங்குதுறை விளக்கு உதவுமா?
*பூநகரி வாசகர்*

பதில்: விளக்கு உள்ள இடத்தில் இருட்டு நாளும், விளக்கு இல்லாத கரையில் நிலவு நாளும் நல்லவை. விளக்கொளிக்குச் சிறுமீன் கூடும். கணவாய் ஒளியின் நடுவுக்கு வராமல் ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் நிற்கும். இருட்டுக்குள் எறிந்து, ஜிக்கை அந்த விளிம்பில் வைத்து இறங்க விடுங்கள். கையிலுள்ள ரோச்சை நீரில் அடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். திடீரென்று விழும் ஒளிக்குக் கணவாய் சிதறிவிடும்.

கேள்வி: கடற்புல்லிலும் பழைய கயிற்றிலும் வெள்ளை விரல்கள்போல் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஜிக்கிலும் ஒருமுறை மாட்டி வந்தது. இது என்ன?
*சிலாவத்துறை வாசகி*

பதில்: அவை கணவாய் முட்டைகள். ஒவ்வொரு வெள்ளை விரலுக்குள்ளும் சில முட்டைகள் வரிசையாக இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், முதிர்ந்த முட்டைக்குள் இரண்டு கறுத்த கண்களும், சில வேளை நிறம் மாறும் சிறு புள்ளிகளும் தெரியும். நம் போன்ற சூடான கடலில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவை பொரிக்கும். வெளிவரும் குஞ்சு விரல் நகத்தை விடச் சிறியதாக இருந்தாலும், பிறந்த உடனேயே நீந்தவும் மை விடவும் அதற்குத் தெரியும்.

இக்கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி எழுத நான் காத்திருந்தேன். இந்தக் கணவாயின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு. முட்டையிட்ட பின் அது மடிந்துவிடும். அடுத்த வருடம் உங்கள் கரையில் கணவாய் இருப்பதும் இல்லாததும் இந்த வருடத்து வெள்ளை விரல்கள் பொரிப்பதைப் பொறுத்தே இருக்கிறது. மீன்களில் உள்ளதுபோல் ஐந்தாறு வயதுக் கிழடுகள் தப்பி நின்று இனத்தைக் காக்கும் வாய்ப்பு இதில் கிடையாது. ஆகவே ஜிக்கில் முட்டைக்கொத்து மாட்டி வந்தால் அந்த இடத்தில் எறிவதை நிறுத்துங்கள். கொத்தைக் கரையில் வீசாமல் புல்லோடு சேர்த்து அதே ஆழத்தில் நீருக்குள் விடுங்கள். முட்டையிடும் நாட்களில் பெரிய கணவாய்கள் இணையாகப் புல்லின் மேல் நிற்பதை ஆழமற்ற நீரில் பார்க்கலாம். அவற்றின் முன்னால் ஜிக்கை இறக்கினால் எடுக்கும், நானும் இளம் வயதில் எடுத்திருக்கிறேன், இப்போது எடுப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகளையும் திருப்பி விடுங்கள். எதிர்முள் இல்லாத ஊசி என்பதால் காயம் சிறிதாகவே இருக்கும், கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே கழற்றினால் அவை பிழைத்துக்கொள்ளும்.

ஜிக்கால் பிடிப்பவர் ஒரு மாலையில் எடுப்பது மிகச் சிறிது. அடியை வாரும் இழுவை மடி ஒருமுறை போனால் புல்லும் முட்டையும் சேர்ந்தே போய்விடும். இலங்கையில் அத்தொழில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் பாக்கு விரிகுடாவில் அது ஓயவில்லை என்பதை உங்கள் ஊரவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாமா? எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?
*புதுக்குடியிருப்பு வாசகர்*

பதில்: கூட்டிச் செல்லுங்கள், ஜிக்கை மட்டும் உறையில்லாமல் வைக்காதீர்கள். துணிப்பையில் வெறுமனே போட்டு வைத்திருந்த ஜிக்கைத் துழாவி எடுக்கப்போய் என் உள்ளங்கையில் ஐந்து ஊசிகள் ஒன்றாக இறங்கியிருக்கின்றன. எதிர்முள் இல்லாததால் வந்த வழியே இழுத்து எடுக்க முடிந்தது. ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலை வெட்டி வாலுக்கு மூடி செய்தால் போதும். எறியும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

நீருக்குள் இறங்குவதானால் செருப்போடு, காலை மணலில் உரசி உரசி நடங்கள். திருக்கை புதைந்து கிடக்கும். பழக்கமில்லாத கரையில் பற்றைக்குள் குறுக்குவழி தேட வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நடக்கும் மண் இது; தொழிலாளர் நடக்கும் பாதையிலேயே நடங்கள், இனந்தெரியாத இரும்பு எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிடித்த கணவாய் வீட்டுக்கு வருவதற்குள் சிவந்து தளர்ந்துவிடுகிறது. சந்தையில் வாங்குவது இதைவிட நன்றாக இருக்கிறதே?
*மாங்குளம் வாசகர்*

பதில்: நீரிலிருந்து எடுத்தவுடன் அதன் வயிற்றுப்பக்கத்துக் குழாய் கடலைப் பார்த்திருக்கும்படி பிடித்து, இரண்டு மூன்று முறை நீரையும் மையையும் பீய்ச்ச விடுங்கள். பிறகு இரண்டு கண்களுக்கும் நடுவில், சற்றுப் பின்னால், கூரிய ஆணியை உடற்பக்கமாகச் சாய்த்துக் குத்துங்கள். உடல் ஒரே கணத்தில் வெளுக்கும். ஆணியை எடுக்காமலே தலைப்பக்கமாகச் சாய்த்தால் கைகளும் வெளுக்கும். இப்படிச் செய்தால் அது துடித்துத் துடித்துச் சாகாது, இறைச்சியும் தளராது. வாய்க்குள் கிளிமூக்குப்போன்ற அலகு இருப்பதால் விரலைக் கைகளின் நடுவில் வைக்காதீர்கள்.

பனிக்கட்டி உருகிய நன்னீரில் கிடந்தால் தோல் ஊறி, சுவை போய்விடும். ஒரு பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். வீட்டில் கழுவும்போதும் முதலில் தலையை இழுத்து மைப்பையை உடையாமல் எடுத்து, முதுகிலிருக்கும் கண்ணாடிபோன்ற மெல்லிய தண்டை உருவிய பிறகே தண்ணீரைத் தொட விடுங்கள். தண்டுக்குப் பதிலாக வெள்ளை ஓடு வந்தால் நீங்கள் பிடித்தது ஓட்டுக்கணவாய். அதுவும் ஜிக்கை எடுக்கும், அடியை ஒட்டி இறங்கும்போது. பிரட்டலுக்கு இரண்டும் நன்று. அடுப்பில் மட்டும் நெடுநேரம் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் வெந்துவிடும், அதைத் தாண்டினால் இறப்பராகிவிடும், பின்னர் முக்கால் மணி நேரமாவது வேகவைத்தால்தான் மறுபடி மெதுவாகும்.

மை பட்ட ஜிக்கை நன்னீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். வெயிலில் காய்ந்தால் துணியின் பசை விட்டுவிடும்.